கரை ஒதுங்கிய ஆமை

(புனேயில் தமிழ் கற்போர் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

இன்றைய பேச்சு கடல் ஆமையைப் பற்றியது. "புனேயில் கடலே இல்லையே! இங்கே ஆமையைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி மலை இருக்கிறது. அந்த மலையைத் தாண்டி இறங்கினால் கொங்கணக் கடற்கரை. லீவு நாளில் புனேக்காரர்கள் பஸ் ஏறிப் போய் வருகிற கரை அது. அங்கே ஆமை கரையேறி முட்டையிடுகிறது. உங்களில் பலருக்குச் சொந்த ஊர் தமிழ்நாடு. அந்தக் கரையிலும் ஆமை முட்டையிடுகிறது. மராத்தியில் ஆமைக்குப் பெயர் காசவ். தமிழ்நாட்டு மீனவர்கள் ஒரு வகை ஆமையைப் பங்குனி ஆமை என்பார்கள். பங்குனி மாதத்தை ஒட்டி முட்டையிட வருவதால் அந்தப் பெயர். கொங்கணத்தில் முட்டையிடுவதும் அதே வகைதான்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று ஒரு பழமொழி உண்டு. கேட்டிருப்பீர்கள். ஆனால் ஆமை யார் வீட்டையும் கெடுத்தது இல்லை. மனிதர்கள்தான் ஆமையின் வீடாகிய கடலுக்குள் வலையோடு புகுந்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. கடற்கரையில் ஓர் ஆமை கிடக்கிறது. கை கால் அசையவில்லை. கண் மூடியிருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"செத்துப் போச்சு, வா போகலாம்" என்பார் ஒருவர். "ஐயோ பாவம், தூக்கித் தண்ணியில விடு" என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு அக்கறை இல்லை. இரண்டாமவருக்கு இரக்கம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் செய்வதாலும் அந்த ஆமை சாகலாம்.

இரக்கப்பட்டவர் கையாலும் ஆமை சாகுமா? சாகும். எப்படி என்று பார்ப்போம்.

உறைந்த எண்ணெய்

புனேயில் டிசம்பர், ஜனவரி மாதக் காலைக் குளிர் உங்களுக்குத் தெரியும். சில நாள் 10 டிகிரிக்கும் கீழே போகும். அன்று தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டும் வராது. எண்ணெய் கெட்டுப் போய்விட்டதா? இல்லை. குளிரில் உறைந்திருக்கிறது. வெயில் வந்தால் இளகிவிடும்.

ஆமையின் உடம்பும் கொஞ்சம் அப்படித்தான். மனிதருடைய உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். வெளியே குளிர்ந்தாலும் உள்ளே 37 டிகிரி இருக்கும். ஆமைக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் சூடாக இருந்தால் அதன் உடம்பும் சூடாக இருக்கும். தண்ணீர் குளிர்ந்தால் உடம்பும் குளிர்ந்துவிடும்.

கடல் நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஆமைக்கு நீந்த முடியாது. துடுப்புப் போன்ற அதன் கைகள் விறைத்துப் போகும். இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிடும். சில ஆமைகளுக்கு ஒரு நிமிடத்துக்கு ஒரு துடிப்புதான் இருக்கும். இரை தேட முடியாது. முங்க முடியாது. கட்டை போல மிதக்கும். காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிடும். பார்ப்பவர்கள் செத்த ஆமை என்றே நினைப்பார்கள். ஆனால் உள்ளே உயிர் இருக்கும்.

நம் நாட்டுக் கடல் அவ்வளவு குளிர்வது இல்லை. அமெரிக்காவில் சில இடங்களில் இது வருடா வருடம் நடக்கிறது.

மடக்கிய கை போல ஒரு கரை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம். அங்கே கேப் காட் என்ற நிலம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. உங்கள் கையை நீட்டி, முழங்கையை மடக்கிப் பாருங்கள். அந்த நிலத்தின் வடிவம் அதுதான்.

கோடைக்காலத்தில் ஆமைக் குட்டிகள் நண்டு தின்ன அந்தப் பக்கம் வருகின்றன. குளிர்காலம் வரும்போது தெற்கே சூடான கடலுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மடக்கிய கை வழியை மறிக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நிலம் முட்டுகிறது. வெளியேறும் வழி தெரியாமல் உள்ளேயே சுற்றுகின்றன. நவம்பர் மாதம் தண்ணீர் குளிர்ந்துவிடும். ஆமைகள் விறைத்துக் கரை ஒதுங்கும்.

ஒதுங்குபவை பெரும்பாலும் கெம்ப் ரிட்லி என்ற வகைக் குட்டிகள். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு இருக்கும். பங்குனி ஆமைக்குப் பங்காளி என்று சொல்லலாம். இந்த வகை உலகத்தில் மிகவும் குறைந்துவிட்டது. 1985ஆம் ஆண்டில் இவை இட்ட கூடுகள் சுமார் 700தான். ஆகவே ஒரு குட்டி பிழைத்தாலும் அது பெரிய காரியம்.

1974ஆம் ஆண்டு பாப் பிரெஸ்காட் என்பவர் அந்தக் கரையில் இப்படி ஓர் ஆமையைக் கண்டார். பிறகு அங்குள்ள வெல்ஃபிளீட் பே சரணாலயத்தார் கரையைக் காவல் சுற்றத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஓய்வு பெற்றவர்களும் உண்டு, வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. இதற்குச் சம்பளம் கிடையாது. கடல் ஏறி இறங்கியதும் கரை நெடுக நடப்பார்கள். நடுராத்திரியிலும் டார்ச் விளக்கோடு நடப்பார்கள். 2014ஆம் ஆண்டு குளிர்காலத்தில் மட்டும் 1,200க்கும் அதிகமான ஆமைகள் அங்கே ஒதுங்கின.

தொண்டர்கள் என்ன செய்கிறார்கள்?

ஆமையைக் கண்டதும் அவர்கள் அதைக் கடலில் விடுவது இல்லை. விட்டால் என்ன ஆகும்? அதே குளிர்ந்த தண்ணீர்தான். ஆமைக்கு நீந்தச் சக்தி இல்லை. விட்ட இடத்திலேயே செத்துப் போகும்.

முதலில் அலை எட்டாத மேட்டுக்கு ஆமையைத் தூக்கி வைப்பார்கள். பிறகு காய்ந்த கடல் பாசியை அள்ளி அதன் மேல் மூடுவார்கள். குளிர்காற்று மேலே படாமல் அது காக்கும். பக்கத்தில் ஒரு கட்டையையோ கழியையோ அடையாளமாக நட்டு வைப்பார்கள். பிறகு சரணாலயத்துக்குத் தகவல் சொல்வார்கள்.

சரணாலயத்தில் ஆமைக்கு ஓர் எண் கொடுப்பார்கள். எங்கே கிடைத்தது, எந்த நேரம், எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். பிறகு வாழைப்பழம் வருகிற அட்டைப் பெட்டியில் துண்டை விரித்து ஆமையை வைப்பார்கள். தொண்டர்களே தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். குவின்சி என்ற ஊரில் ஆமைக்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறது. நியூ இங்கிலாந்து அக்வேரியம் என்ற நிறுவனம் அதை நடத்துகிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளியே கடுங்குளிர். காருக்குள் சூடு உண்டாக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும் ஓட்டுகிறவர் அதை அணைத்துவிடுகிறார். குளிரில் நடுங்கிக்கொண்டே கார் ஓட்டுகிறார். ஏன்?

அவசரச் சூடு ஆபத்து

விறைத்துப் போன ஆமைக்கு உடனே சூடு கொடுத்தால் அது செத்துப் போகலாம். சூடு ஏறியதும் உடம்பு முழுவதும் ரத்தம் கேட்கும். ஆனால் இதயம் இன்னும் மெல்லத்தான் துடிக்கிறது. அதனால் ஈடுகொடுக்க முடியாது. ரத்தத்திலும் பல கோளாறுகள் வரும்.

ஆகவே ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குச் சுமார் 3 டிகிரிதான் சூட்டைக் கூட்டுகிறார்கள். நாலைந்து நாள் ஆகும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தெளிவுதானே கொடுப்பீர்கள்? ஒரேயடியாகச் சாப்பாடு போட மாட்டீர்கள் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

ஆமைகளுக்குச் சளி பிடித்து நுரையீரல் கெட்டிருக்கும். எக்ஸ்ரே எடுப்பார்கள். ஊசி மூலம் நீரும் மருந்தும் ஏற்றுவார்கள். கொஞ்ச நேரம் தொட்டியில் நீந்த விட்டு, பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். தேறுவதற்குச் சில ஆமைகளுக்கு வாரங்கள் ஆகும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். தேறியவற்றைத் தெற்கே சூடான கடலில் கொண்டுபோய் விடுவார்கள். எல்லா ஆமையும் பிழைப்பது இல்லை. ஆனால் கரையிலேயே கிடந்தால் ஒன்றும் பிழைக்காது.

விளக்கில்லாத ஊரில் ஒரு வேலை

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் தெற்கே டெக்சாஸ் மாநிலத்தில் திடீரென்று பெரும் குளிர் அடித்தது. அது வழக்கமாகச் சூடான பகுதி. அங்கே ஆழமில்லாத கடலில் பச்சை ஆமைகள் நிறைய உண்டு. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்துவிட்டது. ஆமைகள் ஆயிரக்கணக்கில் விறைத்து மிதந்தன.

சவுத் பாட்ரே தீவு என்ற ஊரில் மக்கள் படகு எடுத்துப் போய் ஆமைகளை அள்ளினார்கள். லாரியிலும் காரிலும் கொண்டுவந்தார்கள். ஆமைக் காப்பகத்தில் இடம் போதவில்லை. மாநாடு நடத்தும் பெரிய மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். தரை முழுவதும் தார்ப்பாய் விரித்து ஆமைகளை வரிசையாக அடுக்கினார்கள். அந்த ஊரில் மட்டும் 4,000க்கும் அதிகமான ஆமைகள் சேர்ந்தன.

அந்த நாளில் மாநிலம் முழுவதும் கரண்ட் இல்லாமல் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டு கிடந்தன. பல வீடுகளில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நிலைமையிலும் மக்கள் ஆமைக்காக வந்து நின்றார்கள். குளிர் விட்டதும் ஆமைகளைப் படகில் ஏற்றி, சூடான ஆழக்கடலுக்குக் கொண்டுபோய், சறுக்குப் பலகை வழியாக ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார்கள்.

நம் கடலில் நடப்பது வேறு

இனி நம் பக்கம் வருவோம். நம் கடலில் குளிர் இல்லை. ஆனால் செத்தது போல் கிடக்கும் ஆமை இங்கேயும் உண்டு. காரணம் வலை.

ஆமை மீன் அல்ல. அதற்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றை இழுக்க வேண்டும். இழுவைப் படகின் வலையில் மாட்டினால் மேலே வர முடியாது. வலைக்குள் முட்டி மோதும். மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். வலையை மேலே இழுக்கும்போது சில ஆமைகள் செத்திருக்கும். சில ஆமைகள் மயங்கிக் கிடக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

மயங்கிய ஆமையை அப்படியே கடலில் தள்ளினால் அது முழுகிச் செத்துப் போகும். அதற்கு வேறு முறை இருக்கிறது. படகில் வேலை செய்கிற உறவுக்காரர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

ஆமையை மல்லாத்தக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். அதன் பின்பக்கத்தை ஒரு சாண் உயரம் தூக்கி, கீழே டயரோ பலகையோ வைக்க வேண்டும். அப்போது நுரையீரலில் புகுந்த தண்ணீர் வாய் வழியாக வடியும். நிழலில் வைக்க வேண்டும். ஈரத் துணியால் மூட வேண்டும். மூக்கை மட்டும் மூடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் போடக் கூடாது. 4 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். கண் ஓரத்தை மெதுவாகத் தொட்டால் இமை அசையும். அது உயிர் இருப்பதற்கு அடையாளம். நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகு, படகு எஞ்சினை நிறுத்தி, வலை இல்லாத இடத்தில் மெல்லக் கடலில் விட வேண்டும்.

வலை அறுந்தால் யார் பொறுப்பு?

"இதெல்லாம் சரி. வலையை அறுத்தால்தான் ஆமையை எடுக்க முடியும். வலை என்ன விலை தெரியுமா?" என்று ஒரு மீனவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அவருடைய பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அவர் கேட்பதும் நியாயம்தான்.

மகாராஷ்டிர அரசு 2018ஆம் ஆண்டு இதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆமை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிரைக் காப்பாற்ற வலையை அறுத்தால் அந்த மீனவருக்கு நஷ்ட ஈடு உண்டு. 25,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஆமையை விடுவித்ததைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். மனு எழுதிக் கொடுக்க வேண்டும். இரக்கப்பட்டவர் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் இந்தத் திட்டம். ஆனால் திட்டம் இருப்பது தெரிந்தால்தானே மனு எழுத முடியும்?

இன்னொரு வழியும் இருக்கிறது. வலைக்குள் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். மீனும் இறாலும் கம்பி இடைவெளியில் புகுந்து உள்ளே போகும். ஆமை பெரியது. கம்பியில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். இதற்கு ஆமை விலக்கும் கருவி என்று பெயர். இந்தியப் படகுகளில் இது சரியாகப் பயன்படவில்லை என்று சொல்லி, 2019ஆம் ஆண்டு அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. ஆமை செத்தால் இறால் வியாபாரமும் படுக்கும் என்பது அப்போது தெரிந்தது.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் 1,000க்கும் அதிகமான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. முட்டையிட வந்த தாய்களும் அவற்றில் உண்டு. இழுவை வலைதான் பெரும் காரணம் என்று ஆமைகளைப் பரிசோதித்தவர்கள் சொன்னார்கள்.

மழைக்காலத்து நோயாளிகள்

மகாராஷ்டிரத்தின் வடக்கே பால்கர் மாவட்டத்தில் டஹாணு என்ற ஊர் இருக்கிறது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அந்தப் பக்கத்துக் கரைகளில் ஆமைகள் ஒதுங்கும். சிலவற்றின் கையில் அறுந்த வலை சுற்றி இறுகியிருக்கும். கடலில் தொலைந்துபோன, தூக்கி எறிந்த வலைகள் அவை. யாரும் பிடிக்காமலே அந்த வலைகள் உயிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். இறுகிய இடத்தில் ரத்தம் ஓடாது. கை அழுகிப் போகும்.

டஹாணுவில் வனத்துறையும் தொண்டர்களும் சேர்ந்து ஆமைகளுக்குச் சிகிச்சை செய்கிறார்கள். கால்நடை மருத்துவர் பார்க்கிறார். புண்ணைக் கழுவி மருந்து போடுகிறார்கள். தொட்டியில் விட்டு மீன் கொடுத்துத் தேற்றுகிறார்கள். தேறிய ஆமையைக் கடலில் விடுகிறார்கள். இங்கே விறைப்பு இல்லை, புண்தான். ஆனால் செய்கிற தொண்டு அதே தொண்டுதான்.

வேளாஸ் கிராமத்தின் கதை

ரத்னகிரி மாவட்டத்தில் மண்டணகட் தாலுகாவில் வேளாஸ் என்ற சின்னக் கிராமம் இருக்கிறது. பேஷ்வா காலத்தில் புனேயில் மந்திரியாக இருந்த நானா பட்னவிஸ் குடும்பத்தின் பூர்வீக ஊர் அது.

முன்பெல்லாம் ஆமை முட்டையைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். சிலர் தின்றார்கள், சிலர் விற்றார்கள். 2002ஆம் ஆண்டு சிப்ளுண் ஊரைச் சேர்ந்த 'சஹ்யாத்ரி நிசர்க மித்ரா' என்ற அமைப்பினர் இதைப் பார்த்தார்கள். சஹ்யாத்ரியின் இயற்கை நண்பர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள். அதன் தலைவர் பாவூ காட்தரே. அவர்கள் ஊர் மக்களிடம் பேசினார்கள். சட்டத்தைச் சொன்னார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி ஆமையைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ஆனால் மிரட்டி மட்டும் வேலை நடக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்களையே காவலுக்குச் சேர்த்தார்கள். 'காசவ் மித்ர', அதாவது ஆமையின் நண்பர் என்று அவர்களுக்குப் பெயர்.

ஆமையின் நண்பர் விடியற்காலை கரையில் நடப்பார். மணலில் ஆமை ஊர்ந்த தடம் தெரியும். தடத்தைப் பிடித்துப் போய்க் கூட்டைக் கண்டுபிடிப்பார். ஒரு கூட்டில் சுமார் 100 முட்டை இருக்கும். அவற்றைச் சில மணி நேரத்துக்குள் மெதுவாக எடுக்க வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆமை தோண்டிய அதே ஆழத்தில், அதே குடம் போன்ற வடிவத்தில், வேலி போட்ட இடத்தில் குழி தோண்டிப் புதைப்பார். தேதியையும் முட்டை எண்ணிக்கையையும் பலகையில் எழுதி நடுவார். சுமார் 50 நாளில் குஞ்சு வெளியே வரும்.

இங்கேயும் சூடுதான் வேலை செய்கிறது. மணல் அதிகச் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம். சூடு குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். ஆணா, பெண்ணா என்று ஆமைக்கு மணல்தான் முடிவு செய்கிறது.

2006ஆம் ஆண்டு முதல் வேளாஸில் ஆமைத் திருவிழா நடக்கிறது. குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்கப் புனேயிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறார்கள். பெண்கள் கையில் காசு புழங்குகிறது. முட்டையை விற்றுக் கிடைத்ததைவிட, முட்டையைக் காத்து அதிகம் கிடைக்கிறது.

தமிழ்நாட்டிலும் இப்படி உண்டு. சென்னையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ராத்திரியில் கரையைச் சுற்றுகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தே போய்க் கூடுகளைத் தேடுகிறார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் போனால் அடுத்த தலைமுறை வருகிறது.

ஓர் எண் சொன்ன செய்தி

2025 ஜனவரியில் ரத்னகிரி மாவட்டம் குஹாகர் கரையில் ஓர் ஆமை முட்டையிட வந்தது. அதன் துடுப்பில் சின்ன உலோகத் தகடு ஒன்று இருந்தது. தகட்டில் ஓர் எண் இருந்தது. 03233.

கரையில் இருந்தவர்கள் அதை வெறும் தகடு என்று விட்டுவிடவில்லை. எண்ணைப் படித்தார்கள். குறித்துக்கொண்டார்கள். விஞ்ஞானிகளுக்குத் தெரிவித்தார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், 2021ஆம் ஆண்டு ஒடிசாவில் அந்தத் தகட்டைப் போட்டிருந்தார்கள். ஒடிசா கிழக்குக் கரை. குஹாகர் மேற்குக் கரை. அந்த ஆமை சுமார் 3,500 கிலோமீட்டர் கடல் வழி வந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

கிழக்குக் கரை ஆமை வேறு, மேற்குக் கரை ஆமை வேறு என்று பலர் நினைத்திருந்தார்கள். ஐந்து இலக்க எண் ஒன்று புதுச் செய்தி சொல்லிவிட்டது. ஒருவர் எழுதி வைத்ததை நான்கு ஆண்டு கழித்து இன்னொருவர் படித்தார். அதனால் தெரிந்தது. எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்ட உங்களுக்கு இதன் மதிப்பு நன்றாகப் புரியும்.

புனேயிலிருந்து என்ன செய்யலாம்?

கொங்கணக் கரைக்கோ, ஊருக்குப் போகும்போது தமிழ்நாட்டுக் கரைக்கோ போவீர்கள். அப்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

1. ஆமை அசையாமல் கிடந்தால் செத்தது என்று முடிவு செய்யாதீர்கள். பிடித்துக் கடலிலும் தள்ளாதீர்கள்.

2. வயிறு கீழே இருக்கும்படி விடுங்கள். நிழல் கொடுங்கள். ஈரத் துணி போடுங்கள். நாயையும் கூட்டத்தையும் விலக்குங்கள். வாயில் தண்ணீரோ தீனியோ கொடுக்காதீர்கள்.

3. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் வனத்துறை உதவி எண் 1926. இடத்தின் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. முட்டையிடும் ஆமை மேல் டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் அது முட்டையிடாமலே திரும்பிவிடலாம்.

5. குஞ்சைக் கையில் எடுத்துத் தண்ணீரில் விடாதீர்கள். மணலில் அது தானே நடந்து போகட்டும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகிறது என்பார்கள். அந்த ஒன்று உங்கள் காலடியில் இருக்கலாம். பார்த்து நடங்கள்.

6. பிளாஸ்டிக் பையை ஆற்றில் போடாதீர்கள். புனேயில் ஓடும் முளா முட்டா ஆறு பீமாவில் சேர்கிறது. பீமா கிருஷ்ணாவில் சேர்கிறது. கிருஷ்ணா வங்கக் கடலில் சேர்கிறது. அங்கே தண்ணீரில் மிதக்கும் பையை ஆமை சொறிமீன் என்று நினைத்து விழுங்கிவிடும். புனேயில் கடல் இல்லை. ஆனால் புனேயிலிருந்து கடலுக்கு வழி இருக்கிறது.

காருக்குள் சூட்டை அணைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு ஓட்டினாரே, அந்தத் தொண்டரை மறக்காதீர்கள். ஆமைக்கு எது நல்லது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைச் செய்தார். தனக்கு எது நல்லதாகத் தோன்றியதோ, அதைச் செய்யவில்லை. ஆமைக்கு மட்டும் அல்ல, கீழே விழுந்து கிடக்கும் மனிதருக்கும், காய்ச்சலில் படுத்த குழந்தைக்கும் இது பொருந்தும். முதலில் இரக்கம் வரட்டும். கூடவே, "இப்போது செய்ய வேண்டியது என்ன?" என்ற கேள்வியும் வரட்டும்.

இன்று ராத்திரி வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த ஆமைக் கதையைச் சொல்லுங்கள். 1926 என்ற எண்ணை உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள்.